நிறுவனத் தளங்களிலிருந்து சிறு சேவையகங்களுக்கு ஒரு குழுவை இடம் மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

ஃபேஸ்புக் பக்கத்தையும் வாட்ஸ்அப் குழுவையும் நம்பி இயங்கிவரும் ஒரு தமிழ் வகுப்போ, கோவில் இளைஞர் குழுவோ, வாசகர் வட்டமோ, விளம்பர நிறுவனங்களின் பிடியில் இல்லாத சிறு சேவையகங்களுக்கு (பதிவுகளைச் சேமித்து இணையத்தில் வழங்கும் கணினிகளுக்கு) எப்படி இடம் மாறலாம் என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. மொரிசியஸில் ரோஸ்ஹில் வட்டாரத்தில் நாங்கள் நடத்தும் வாசிப்புக் குழுவை, ஏறத்தாழ 60 பேருடன், 8 மாதங்களில் இவ்வாறு மாற்றினோம். அதன் பிறகு வேறு இரண்டு குழுக்கள் மாறியபோது உடனிருந்து உதவினேன்.

மூன்று முறையும் தடுமாற்றம் தொழில்நுட்பத்தால் வரவில்லை. வேலைகளைச் செய்த வரிசையால் வந்தது. உறுப்பினர்களின் தொடர்பு விவரங்களைக் கையில் எடுக்கும் முன்பே புதுக் கணக்கைத் திறந்துவிடுகிறார்கள். புது இடத்தில் நாலு பேர் பேசத் தொடங்கும் முன்பே பழைய இடத்தைப் பூட்டிவிடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அவை இருக்கும் வரிசையிலேயே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. பழைய தளம் உங்களுக்கு என்னென்ன வேலை செய்கிறது என்று பிரித்து எழுதுங்கள்

ஒரே ஃபேஸ்புக் குழுவில் அறிவிப்பு, அரட்டை, புகைப்படம், காணொளி, நிகழ்ச்சிக்கான அழைப்பு ஆகிய ஐந்தும் கலந்து கிடக்கும். ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல் பலர் தனித்தனியே நடத்தும் இந்தப் பரவலாக்கப்பட்ட உலகில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள் உண்டு: சிறு பதிவுகளுக்கும் அறிவிப்புகளுக்கும் மாஸ்டடான், புகைப்படங்களுக்குப் பிக்சல்ஃபெட், காணொளிக்குப் பியர்டியூப், நிகழ்ச்சிகளுக்கு மொபிலிசான், நீண்ட விவாதங்களுக்கு லெம்மி அல்லது ஃப்ரெண்டிகா, மூடிய அரட்டைக்கு மேட்ரிக்ஸ்.

இவற்றுள் மேட்ரிக்ஸைத் தவிர மற்றவை, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு என்னும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. அதனால் பிக்சல்ஃபெட்டில் படம் இடுபவரை மாஸ்டடானில் இருந்தபடியே பின்தொடரலாம். ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்குக் கடிதம் போவது போலத்தான் இதுவும். இந்த வலைப்பின்னல் முழுவதையும் ஃபெடிவர்ஸ் என்று அழைக்கிறார்கள்.

ஆறு மென்பொருள்களையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். எந்த ஒன்று இல்லாவிட்டால் உங்கள் குழு நின்றுபோகுமோ அதற்குரிய மாற்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது அறிவிப்பாக இருந்தபடியால் மாஸ்டடானில் தொடங்கினோம். அரட்டைக்கான மேட்ரிக்ஸ் அறையை நான்கு மாதங்களுக்குப் பிறகே திறந்தோம்.

2. கணக்குத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை அடங்கிய ஒரு பட்டியல். அது எந்தத் தளத்துக்குள்ளும் இல்லாமல் உங்கள் கணினியிலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் இருக்க வேண்டும். 2024 நவம்பர்த் தொடக்கத்தில், பொதுத்தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, இந்நாட்டில் சமூக ஊடகங்களை முடக்கும் உத்தரவு வெளியாகி விரைவிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தக் குறுகிய இடைவெளியில் தங்கள் உறுப்பினர்களில் யாரையும் எப்படி அழைப்பது என்று அறியாமல் திகைத்த குழுக்களை நான் அறிவேன். பட்டியலைச் சேகரிக்கும்போது ஒவ்வொருவரிடமும் எதற்காக என்று சொல்லி ஒப்புதல் பெறுங்கள். மொரிசியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு குழுக்களுக்கும் நினைவில் இருக்க வேண்டிய ஒன்று.

இரண்டாவது, குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி. ஒருவரின் சொந்த முகவரியில் குழுக் கணக்கைத் திறந்தால், அவர் வேலைக்காக வெளிநாடு போகும் நாளில் கணக்கும் அவருடன் போய்விடும்.

மூன்றாவது, பொறுப்பேற்க இரண்டு பேர். ஃபேஸ்புக் பக்கத்துக்குப் பல நிர்வாகிகளை நியமிப்பதுபோல் மாஸ்டடான் கணக்குக்கு நியமிக்க முடியாது. ஒரு கணக்குக்கு ஒரே கடவுச்சொல்தான். ஆகவே அதை இருவரும் திறக்கக்கூடிய கடவுச்சொல் பெட்டகம் (கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் செயலி) ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லோடு கைப்பேசியில் தோன்றும் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கும்போது திரையில் தோன்றும் கட்டக்குறியை (கியூஆர் குறியை) இருவரும் ஒரே அமர்வில் தத்தம் கைப்பேசியால் படித்துக்கொள்ள வேண்டும். அதன் பின் கிடைக்கும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வைத்துவிடுங்கள்.

3. பழைய இடத்திலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துவிடுங்கள்

ஃபேஸ்புக்கின் அமைப்புகளில் உங்கள் தகவலைப் பதிவிறக்கும் வசதி உண்டு. அங்கே எச்.டி.எம்.எல். (உலாவியில் திறந்து படிக்கலாம்) அல்லது ஜேசன் (நிரல்கள் படிப்பதற்கானது) என்ற இரண்டு வடிவங்களில் ஒன்றைக் கேட்கும். தமிழில் எழுதியவர்கள் எச்.டி.எம்.எல். வடிவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஜேசன் கோப்பில் தமிழ் எழுத்துகள் குறியாக்கம் பிசகி, படிக்க முடியாத குறிகளின் குவியலாகவே வருகின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவர் அவற்றைத் திருத்தித்தர வேண்டியிருக்கும். கால வரம்பை முழுமையாகவும், படங்களின் தரத்தை உயர்ந்ததாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். கோப்பு தயாரானதாக அறிவிப்பு வந்ததும் அன்றைக்கே இறக்கிவிடுங்கள், ஏனெனில் அது சில நாட்கள் மட்டுமே கிடைக்கும்.

புதியவர்கள் இங்கே ஏமாந்துபோவது ஒரு விஷயத்தில். அந்தக் கோப்பில் நீங்கள் எழுதியவை மட்டுமே இருக்கும். குழுவில் மற்றவர்கள் இட்ட பதிவுகளும் படங்களும் அதில் வாரா. பத்து ஆண்டுக் காவடிப் படங்கள் பத்துப் பேரின் கணக்குகளில் சிதறிக் கிடந்தால், பத்துப் பேரும் தனித்தனியே பதிவிறக்கித் தர வேண்டும். இதற்கே எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. அந்த மாதத்தை வீணான காலமாகக் கருதாதீர்கள்; படத்தைக் கேட்டுப் போகும் ஒவ்வொரு அழைப்பிலும் நீங்கள் ஏன் இடம் மாறுகிறீர்கள் என்று விளக்க வாய்ப்புக் கிடைக்கிறது.

வாட்ஸ்அப் அரட்டையையும் ஏற்றுமதி செய்யலாம். படங்களுடன் எடுத்தால் அண்மைய 10,000 செய்திகளும், படங்கள் இல்லாமல் எடுத்தால் 40,000 செய்திகளும் கிடைக்கும். ஆகவே பழைய குழுவாக இருந்தால் இரண்டு முறையிலும் எடுத்துவையுங்கள்.

4. சேவையகத்தைத் தேர்ந்தெடுங்கள்

மாஸ்டடான் என்பது ஒரே தளம் இல்லை. ஆயிரக்கணக்கான சேவையகங்கள் தனித்தனியே நடத்தப்படுகின்றன. உங்கள் முகவரியின் பின்பாதி சேவையகத்தின் பெயராகவே இருக்கும். எல்லாரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியும் என்பதால் எங்கே சேர்ந்தாலும் ஒன்றுதான் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. உங்கள் பதிவுகளைச் சேமித்து வைப்பவரும், உங்களைத் தொல்லை செய்பவரை நீக்குபவரும், ஒருநாள் கடையை மூடிவிட்டுப் போகக்கூடியவரும் அந்தச் சேவையகத்தை நடத்துபவரே ஆகையால், அவர் யார் என்று பார்த்துத்தான் சேர வேண்டும்.

ஒவ்வொரு சேவையகத்துக்கும் அறிமுகப் பக்கம் ஒன்று உண்டு. அதில் நடத்துபவரின் பெயரும் தொடர்பு முகவரியும் இருக்கின்றனவா, விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றனவா, எந்தெந்தச் சேவையகங்களைத் தடுத்து வைத்திருக்கிறார்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற நான்கையும் படியுங்கள். தடுப்புப் பட்டியல் மிக முக்கியம்: உங்கள் உறவினர் ஒருவர் இருக்கும் சேவையகம் அதில் இருந்தால், நீங்களும் அவரும் ஒருவரையொருவர் காணவே முடியாது. பணத்தைப் பற்றிய கேள்விக்கு விடையே இல்லாத சேவையகத்தைத் தவிர்க்கலாம். நன்கொடைக் கணக்கை வெளிப்படையாகக் காட்டுபவர்கள் நீடிப்பார்கள் என்று நம்ப அதிகக் காரணம் உண்டு.

மாஸ்டடான் திட்டத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள பட்டியலில் இடம்பெற, சேவையகங்கள் ஓர் உடன்பாட்டை ஏற்க வேண்டும். இனவெறி போன்றவற்றுக்கு எதிராக மட்டுறுத்தல் (பதிவுகளைக் கண்காணித்துத் தகாதவற்றை நீக்குதல்) செய்வது, தினமும் காப்புப் பிரதி எடுப்பது, அவசரத்தில் சேவையகத்தைத் திறக்கக்கூடிய இன்னொருவரை வைத்திருப்பது, மூடுவதானால் மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிப்பது ஆகியவை அதில் அடங்கும். முதல் முறை மாறுபவர்கள் இந்தப் பட்டியலுக்கு வெளியே போக வேண்டியதில்லை.

மொழியையும் கருதுங்கள். நம்மில் பலர் தமிழைப் படிப்பார்கள், கிரியோலில் பேசுவார்கள், பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ புகார் எழுதுவார்கள். உங்கள் புகாரைப் படிக்கும் மட்டுறுத்துநருக்கு இவற்றுள் ஒரு மொழியாவது தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்சு மொழிச் சேவையகங்கள் நிறைய இருப்பது நமக்கு வசதியே.

சொந்தச் சேவையகம் தொடங்க வேண்டும் என்ற ஆசை எல்லாக் குழுவிலும் ஓர் இளைஞருக்கு வரும். முதல் ஆண்டில் வேண்டாம். மாத வாடகையைத் திரட்டிவிடலாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுவதும், நள்ளிரவில் வரும் குப்பைப் பதிவுகளை அகற்றுவதும், நிரம்பிக்கொண்டே போகும் வட்டைக் காலி செய்வதும் ஒருவர் தலையில் விழுந்து, அவர் சலித்துப்போகும் நாளில் குழு முழுவதும் தெருவில் நிற்கும்.

5. யாரையும் அழைக்கும் முன் வீட்டைக் குடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள்

பால் காய்ச்சாத வீட்டுக்கு விருந்தினரை அழைப்பதில்லை. படம் இல்லாத, அறிமுகம் இல்லாத, ஒரு பதிவும் இல்லாத கணக்கைப் பார்ப்பவர்கள் அதை மோசடிக் கணக்கு என்றே எண்ணுவார்கள். முகப்புப் படம், நீங்கள் யார் என்பதைச் சொல்லும் இரண்டு வரி, குறைந்தது பத்துப் பதிவுகள் ஆகியவற்றை இட்ட பிறகே முகவரியை வெளியிடுங்கள். ஒரு பதிவுக்கு வழக்கமாக 500 எழுத்துகள் வரை இடம் உண்டு. நீண்ட அறிவிப்பைத் தொடராகப் பிரித்து எழுதலாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் அது எந்த மொழியில் உள்ளது என்று குறிக்கும் பொத்தான் எழுதும் பெட்டியிலேயே இருக்கிறது. ஆங்கிலம் என்ற குறியோடு தமிழில் எழுதினால், தமிழ்ப் பதிவுகளை மட்டும் காணுமாறு அமைத்திருப்பவருக்கு உங்கள் அறிவிப்பு போய்ச் சேராது. மொழிபெயர்ப்பு வசதியும் சரியாக இயங்காது. மூன்று மொழிகளில் எழுதும் நம் போன்றவர்கள் ஒவ்வொரு முறையும் இதை மாற்றப் பழக வேண்டும்.

அடுத்தது, பதிவை யார் காணலாம் என்ற தெரிவு. எல்லாரும், பொதுவாக இருந்தாலும் ஓடையில் (பதிவுகள் வரிசையாக வரும் திரையில்) முன்னிறுத்தப்படாமல், பின்தொடர்பவர்கள் மட்டும், குறிப்பிட்ட சிலர் மட்டும் என நான்கு நிலைகள் உள்ளன. இவற்றுள் கடைசியைத் தனிச் செய்தி என்று நம்பிப் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். அது மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்யப்பட்டதன்று. சேவையகத்தை நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். மேலும், அதற்குள் மூன்றாமவர் ஒருவரின் முகவரியைக் குறிப்பிட்டால் அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் வருத்தப்பட்டு எழுதி, அந்த ஒருவரே அதைப் படித்து மனம் நொந்த நிகழ்ச்சி எங்கள் குழுவில் நடந்தது. அதை ஆற்ற எங்களுக்குப் பல வாரங்கள் ஆயின. அந்தரங்கமானதை மேட்ரிக்ஸ் போன்ற மறையாக்கம் உள்ள இடத்தில் பேசுங்கள்.

நீக்கிய பதிவும் முழுவதும் மறைந்துவிடும் என்று எண்ணாதீர்கள். நீக்குமாறு மற்றச் சேவையகங்களுக்குக் கோரிக்கை போகும். ஒவ்வொன்றும் அதற்குக் கட்டுப்படும் என்ற உறுதி கிடையாது. இந்தக் காரணத்தால் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை நாங்கள் பொதுவில் இடுவதே இல்லை.

6. காலியான ஓடையை நிரப்புங்கள்

முதல் நாள் திரை வெறுமையாக இருக்கும். எதைக் காட்டலாம் என்று கணக்கிட்டுத் தரும் நிரல் இங்கே இல்லை. நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகள் நேர வரிசையில் வரும், அவ்வளவே. முதல் வாரத்திலேயே 30 பேரையாவது பின்தொடருங்கள். ஹேஷ்டேக்கையும் ஆளைப்போலப் பின்தொடரலாம் என்பது பலருக்குத் தெரியாது. தமிழ், மொரிசியஸ் ஆகியவற்றைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேறு சேவையகத்தில் இருப்பவரின் பக்கத்தைத் திறக்கும்போது பழைய பதிவுகள் குறைவாகவே தெரியலாம், விருப்ப எண்ணிக்கையும் வேறுபடலாம். இது கோளாறு இல்லை; உங்கள் சேவையகத்துக்கு வந்துசேர்ந்தவற்றை மட்டுமே அது காட்டுகிறது.

7. ஐந்து ஐந்து பேராக அழைத்து வாருங்கள்

அறுபது பேருக்கும் ஒரே நேரத்தில் இணைப்பை அனுப்பினால் அறுபது பேரும் ஒரே நாளில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். பதில் தாமதமானால் திரும்பிப் போய்விடுவார்கள். ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஐந்து பேரை அரை மணி நேரம் உட்காரவைத்து, அவர்கள் கைப்பேசியை அவர்களே இயக்கும்படி விடுங்கள். நீங்கள் வாங்கிச் செய்து கொடுத்தால் வீட்டுக்குப் போனதும் மறந்துபோகும். செயலியின் தமிழ் இடைமுகம் எல்லா இடத்திலும் முழுமையாக இல்லாததால், பெரியவர்களுக்கு அவர்கள் அன்றாடம் பழகிய பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ அமைத்துக் கொடுங்கள்.

இங்கே இரண்டு இடங்களில் பெரும்பாலோர் விழுகிறார்கள். ஒன்று, தங்கள் சேவையகத்தின் பெயரை மறப்பது. செயலியை மறுபடி நிறுவும்போது அது முதலில் கேட்பது சேவையகத்தின் பெயரையே. முழு முகவரியையும் ஒரு சீட்டில் எழுதிக் கைப்பேசி உறைக்குள் வைத்துக் கொடுக்கிறோம்.

மற்றொன்று, வேறு சேவையகத்தின் பக்கத்தை உலாவியில் திறந்து அங்கேயே பின்தொடரும் பொத்தானை அழுத்துவது. அங்கே அவருக்குக் கணக்கு இல்லாததால் உள்நுழையவோ கணக்குத் தொடங்கவோ சொல்லும். தம் கணக்கு தொலைந்துவிட்டது என்று நினைத்து அவர் இன்னொன்றைத் திறப்பார். வகுப்புக்கு வரும் ஓர் அக்கா இப்படி மூன்று கணக்குகளோடு வந்து நின்றார். முழு முகவரியை நகலெடுத்துத் தம் சொந்தச் செயலியின் தேடல் பெட்டியில் ஒட்டித் தேடினால் அதே ஆள் வருவார், அங்கிருந்து பின்தொடரலாம். இந்த ஒரு பழக்கத்தைக் கற்பிக்க வேறு எதையும் தள்ளிவைக்கலாம்.

8. இரண்டு இடத்திலும் சில காலம் இருங்கள்

குறைந்தது மூன்று மாதங்கள். அந்த மூன்று மாதங்களுக்குள் தைப்பூசக் காவடி விரதக் காலம் வராதவாறு திட்டமிடுங்கள். பூசை நேரமும் ஊர்வல வழியும் மாறும் நாட்களில் அறிவிப்பு வரும் வாயிலையும் மாற்றினால் யாரேனும் ஒருவர் தவறவிடுவார்.

எந்த அறிவிப்பும் முதலில் புது இடத்தில் முழுமையாக வரட்டும். பழைய இடத்தில் ஒரு வரியும் இணைப்பும் போதும். இரண்டிலும் முழுமையாக இட்டால் யாருக்கும் நகரக் காரணம் இராது. இரண்டிலும் தானாக ஒட்டிவிடும் கருவிகளையும் நான் பரிந்துரைப்பதில்லை: பதிவை இட்டுவிட்டுப் பதிலைப் பார்க்க வராத கணக்கைச் சிறு சமூகங்களில் விரைவிலேயே விலக்கிவிடுவார்கள்.

9. விதிகளை எழுத்தில் வையுங்கள்

மறைப்பது, தடுப்பது, ஒரு சேவையகம் முழுவதையும் தடுப்பது, புகார் செய்வது ஆகிய நான்கையும் எல்லா உறுப்பினருக்கும் செய்து காட்டுங்கள். சேவையகம் ஐரோப்பாவில் இருந்தாலும் எழுதுபவர் இங்கே இருக்கிறார் என்பதால், மொரிசியஸின் சட்டங்கள் அவரைக் கட்டுப்படுத்தும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மேட்ரிக்ஸ் அறை திறப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மறையாக்கத்தை ஒருமுறை இயக்கினால் அந்த அறையில் அதை நிறுத்த முடியாது. ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் மீட்புச் சாவியைத் தொலைத்தவர்கள், கைப்பேசி மாற்றும்போது பழைய செய்திகளைப் படிக்க இயலாமல் போகும்.

10. பழைய கணக்கை மூடுங்கள்

பட்டியலில் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேர் புது இடத்தில் பதில் எழுதத் தொடங்கிய பிறகே இந்தப் படிக்கு வாருங்கள். முதலில், ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு உள்நுழையும் வேறு செயலிகள் எவை என்று பார்த்து, ஒவ்வொன்றிலும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அமைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் மூடினால் அந்தச் செயலிகளும் பூட்டிக்கொள்ளும். குழுவுக்கு நீங்கள் மட்டுமே நிர்வாகியாக இருந்தால் இன்னொருவரை நியமியுங்கள்.

தற்காலிகமாக முடக்குவதும் நிரந்தரமாக நீக்குவதும் வேறு வேறு. நீக்கக் கோரிய பின் 30 நாட்களுக்குள் உள்நுழைந்து அதை ரத்து செய்யலாம். அதன் பிறகு தரவு முழுவதும் அழிய 90 நாட்கள் வரை ஆகலாம். குழுவின் பெயரில் உள்ள பக்கத்தை மட்டும், புது முகவரியைக் காட்டும் ஒரே பதிவுடன், ஓராண்டு விட்டுவைப்பது நல்லது. அந்தப் பெயரில் வேறொருவர் பக்கம் தொடங்கினாலும் உண்மையானது எது என்று தேடி வருபவர்கள் அறிந்துகொள்ள முடியும்.

11. சேவையகத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக நேர்ந்தால்

புதுச் சேவையகத்தில் கணக்குத் திறந்து, அதன் அமைப்புகளில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகப் பதியுங்கள். அதன் பிறகு பழைய கணக்குக்குள் சென்று இடமாற்றத்தைத் தொடங்குங்கள். இரு முனையிலும் ஒப்புதல் தேவைப்படுவது, வேறு யாரும் உங்கள் பின்தொடர்பவர்களைக் கடத்திச் செல்லாதிருக்கவே. பின்தொடர்பவர்கள் தாமாகவே புது முகவரிக்கு மாறிவிடுவார்கள். நீங்கள் எழுதிய பதிவுகள் பழைய இடத்திலேயே தங்கும். ஒருமுறை மாறினால் அடுத்த 30 நாட்களுக்கு மறுபடி மாற முடியாது.

நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், சேமித்த பதிவுகள் ஆகியவற்றைத் தனித்தனி சி.எஸ்.வி. (அட்டவணை வடிவ) கோப்புகளாக ஏற்றுமதி செய்து புது இடத்தில் ஏற்ற வேண்டும். பழைய சேவையகம் உயிரோடு இருக்கும்போது மட்டுமே இது முடியும் என்பதால், நாங்கள் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு தொடங்கும் முன், அந்தக் கோப்புகளையும் பதிவுகளின் காப்பகத்தையும் இறக்கி, இரண்டாவது பொறுப்பாளரின் கணினியில் வைத்துவிட்டு நோட்டில் தேதியிட்டுக் கையெழுத்திடுகிறோம்.